ஒரு குழலுக்குள் பல கண்கள்
ஜூம் லென்சின் வரலாறும் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையும்

ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் கோயில் தேர்த் திருவிழாவுக்கு நீங்கள் ஒரு டிஜிட்டல் காமிராவுடன் செல்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். தேர் உங்கள் அருகில் வந்து நிற்கிறது. சக்கரம் முதல் கலசம் வரை அது ஒரே படத்தில் அடங்க வேண்டும். சற்று நேரத்தில், மலைமேல் தெரியும் கோபுரத்தின் ஒரு சிற்பத்தை மட்டும் பெரிதாக எடுக்க விரும்புகிறீர்கள். மற்றொரு நாள் மல்லச்சந்திரம் சென்று, பெருங்கற்காலக் கல்திட்டை ஒன்றின் உட்புறத்தைப் படமெடுக்க முயல்கிறீர்கள்; பின்னால் நகர இடமில்லை. பிறிதொரு நாள் சானமாவுக் காட்டோரத்தில் ராகி வயலில் யானைகள் நிற்பதாகச் செய்தி வருகிறது. முன்னால் நகரக் கூடாது!

இந்த நான்கு படங்களையும் ஒரே லென்சால் எடுக்க முடியுமா? முடியும் என்கின்றன கடை விளம்பரங்கள். 18 மில்லிமீட்டர் முதல் 200, 300, ஏன் 400 மில்லிமீட்டர் வரை ஒரே குழலுக்குள் அடங்கிய ஜூம் லென்சுகள் இன்று கிடைக்கின்றன. ஆனால் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து இவற்றை வாங்கியவர்களுள் சிலர் இதைப் போல் வசதி வேறில்லை என்கின்றனர். வேறு சிலர் படம் தெளிவாக இல்லை என்று குறைப்படுகின்றனர். இரு சாராரும் சொல்வது உண்மையே. அது எப்படி என்பதை, இந்த லென்ஸ் பிறந்து வளர்ந்த வரலாறு நமக்குக் காட்டும்.

குவியத் தூரம் செய்யும் வேலை

வெகு தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்சுக்குப் பின்னால் எவ்வளவு தொலைவில் விழுகிறதோ, அதுவே அந்த லென்சின் குவியத் தூரம். குவியத் தூரம் குறைந்தால் பரந்த காட்சி சிறிதாக விழும். கூடினால் காட்சியின் சிறு பகுதி பெரிதாக விழும். நடுத்தர டிஜிட்டல் காமிராக்களில் உள்ள ஒளியுணர் தகடு ஏறத்தாழ 24 மி.மீ. நீளமும் 16 மி.மீ. உயரமும் கொண்டது. இதற்கு முன்னால் 18 மி.மீ. லென்சை வைத்தால், மூலைக்கு மூலை ஏறத்தாழ 76 பாகை அகலமுள்ள காட்சி கிடைக்கும். 400 மி.மீ. லென்சை வைத்தால் 4 பாகை மட்டுமே கிடைக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் உயரமுள்ள யானை 100 மீட்டர் தொலைவில் நிற்கிறது. 400 மி.மீ. லென்சில் அதன் பிம்பம் 12 மி.மீ. உயரம் இருக்கும், அதாவது படத்தின் முக்கால் பங்கு உயரத்தை நிரப்பும். 18 மி.மீ. லென்சில் அதே யானை அரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு புள்ளிதான். இந்த லென்சைக் கொண்டே 12 மி.மீ. பிம்பம் வேண்டுமென்றால், யானையிலிருந்து நாலரை மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். காட்டு யானைக்கு அவ்வளவு அருகில் சென்றவர் படத்துடன் திரும்பி வருவது அரிது.

இது வெறும் கணக்கு அன்று. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் ராகி விளையும் பருவத்தில் ஓசூர்ப் பக்கம் வருகின்றன. கைப்பேசியால் படமெடுக்க யானையை நெருங்கிச் சென்று உயிரிழந்த நிகழ்ச்சிகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்துள்ளன. நீண்ட குவியத் தூரம் என்பது இங்கே அழகுப் பொருளன்று, உயிர்க் காப்பு.

சுழலும் தட்டு

சினிமாக் கலை பிறந்த காலத்திலேயே இந்தச் சிக்கல் எழுந்தது. பரந்த காட்சிக்கு ஒரு லென்ஸ், முகத்துக்கு ஒரு லென்ஸ், தொலைவுக்கு ஒரு லென்ஸ் என்று மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெல் அண்டு ஹவல் நிறுவனம் 1912இல் வெளியிட்ட சினிமாக் காமிராவில் ஒரு சுழல்தட்டில் நான்கு லென்சுகள் பொருத்தப்பட்டிருந்தன. தட்டைத் திருப்பினால் அடுத்த லென்ஸ் படச்சுருளுக்கு நேரே வந்து நிற்கும். ஆனால் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே படிப்படியாக நெருங்கிச் செல்வது இதனால் இயலாது.

ஒரே லென்சின் குவியத் தூரத்தையே மாற்ற முடியாதா என்ற எண்ணம் புதிதன்று. லென்சுகளைக் குழலுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தித் தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தை மாற்றும் அமைப்பு 1834லேயே லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் விவரிக்கப்பட்டது. இக்கொள்கையைப் பின்பற்றும் ஒரு லென்சுக்கு அமெரிக்கரான கிளைல் ஆலன் என்பவர் 1902இல் காப்புரிமை பெற்றார். எனினும் நடைமுறைக்கு வந்த முதல் ஜூம் லென்சுகளுள் புகழ்பெற்றது 1932இல் இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனம் செய்த 'குக் வாரோ'. அது 40 முதல் 120 மி.மீ. வரை, அதாவது மூன்று மடங்கு, மாறக் கூடியது.

குழலுக்குள் நடப்பது என்ன?

ஜூம் லென்சைப் பல வில்லைக் கூட்டங்களின் வரிசை என்று கொள்ளலாம். முன்கூட்டம் ஒளியைச் சேகரிக்கிறது. அடுத்துள்ள கூட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து பிம்பத்தின் அளவை மாற்றுகிறது. ஆனால் அது நகரும்போது பிம்பம் விழும் இடமும் நகர்ந்துவிடும், படம் மங்கும். ஆகவே மூன்றாவது கூட்டம் ஒன்று, அந்தப் பிழையை ஈடு செய்யும்படி வேறொரு வேகத்தில் நகர வேண்டும். கடைசிக் கூட்டம் பிம்பத்தை ஒளியுணர் தகட்டின்மேல் விழச் செய்கிறது.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. இரு கூட்டங்களும் ஒரே சீராக நகர்வதில்லை. ஒன்று நேராகச் செல்லும். மற்றொன்று சற்று முன்னே சென்று பிறகு பின்னே திரும்பும். இந்த இருவகை அசைவையும் ஒரே திருகலில் உண்டாக்க, குழலின் சுவரில் வளைந்த காடிகளை வெட்டி, அவற்றில் சிறு முளைகளை ஓடவிடுகிறார்கள். 'கேம்' எனப்படும் அமைப்பு இது. காடியின் வளைவு மயிரிழை பிசகினாலும் பிம்பம் கலங்கும். சிப்காட் தொழிற்பேட்டைகளில் மைக்ரோமீட்டரும் கையுமாக நாளெல்லாம் நிற்கும் ஓசூர்த் தொழிலாளிக்கு, இத்தகைய வளைந்த காடியை வெட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தொல்லையைத் தவிர்க்க வேறொரு வழியும் கண்டார்கள். நகரும் கூட்டங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே சீராக நகர்த்துவது. பிழை முற்றிலும் நீங்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும்படி வில்லைகளை அமைப்பது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிராங்க் பேக் 1940களில் இம்முறையில் அமைத்த 'ஜூமார்' லென்ஸ் தொலைக்காட்சிக்குப் பெரிதும் பயன்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், 1948இல், இங்கிலாந்தில் ஹரால்டு ஹாப்கின்ஸ் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக ஒரு ஜூம் லென்சை வடிவமைத்தார். இந்த ஹாப்கின்சுடன் சேர்ந்துதான், பஞ்சாபில் பிறந்த நம் நாட்டு அறிஞர் நரிந்தர் சிங் கபானி ஒளியிழை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார் என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

மூன்று தடைகள்

ஜூம் லென்ஸ் பரவுவதற்கு மூன்று தடைகள் இருந்தன. அவை எவ்வாறு நீங்கின என்று பார்ப்போம்.

முதல் தடை, பிரதிபலிப்பு. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எளிய லென்சில் இது பெரிய நட்டமன்று. ஆனால் 11 வில்லைக் கூட்டங்களில் 22 பரப்புகள் உண்டு. ஒவ்வொன்றையும் கடந்து இறுதியில் எஞ்சுவது 41 சதவீத ஒளியே. இழந்த ஒளி வெறுமனே மறைந்தும் போவதில்லை. குழலுக்குள் அங்குமிங்கும் தெறித்துப் படத்தை வெளிறச் செய்யும். ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்மாகுலா 1935இல் இதற்கு மருந்து கண்டார். கண்ணாடியின்மேல் ஒளி அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுள்ள ஒரு படலத்தைப் பூசினால் பிரதிபலிப்பு பெரிதும் குறைகிறது. பல படலங்களைப் பூசும் இக்காலத்தில் ஒரு பரப்பின் இழப்பு அரை சதவீதம் என்று கொண்டால், அதே 22 பரப்புகளுக்குப் பின் 90 சதவீத ஒளி எஞ்சும்.

இரண்டாவது தடை, கணக்கு. லென்சை வடிவமைக்க, ஒளிக்கதிர்கள் ஒவ்வொரு பரப்பிலும் எப்படி வளைகின்றன என்று கணக்கிட வேண்டும். 1840இல் வியன்னாவில் யோசப் பெட்சுவால் தம் புகழ்பெற்ற உருவப்பட லென்சை வடிவமைத்தபோது, பீரங்கிப் படையைச் சேர்ந்த கணக்கர்கள் அவருக்கு உதவினர். அதில் இருந்தவை நான்கே வில்லைகள். ஜூம் லென்சிலோ பத்துப் பதினைந்து வில்லைகள். குவியத் தூரம் மாறும் ஒவ்வொரு நிலைக்கும் எல்லாக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும்! மடக்கை அட்டவணைகளைக் கொண்டு இதைச் செய்து முடிக்க ஒரு மனிதனின் ஆயுள் போதாது. 1950களுக்குப் பின் கணிப்பொறி வந்தே இந்த முட்டுக்கட்டையை நீக்கியது.

மூன்றாவது தடை, முன்பு கூறிய காடி வெட்டும் வேலை. எண்முறைக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் பெருகியபின் வளைந்த காடிகளை ஆயிரக்கணக்கில் ஒரே துல்லியத்துடன் வெட்ட முடிந்தது.

புகைப்படக் காமிராவுக்கு வந்த ஜூம்

35 மி.மீ. புகைப்படக் காமிராவுக்கென விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், 1959இல் வெளியான பாய்க்லண்டர் ஜூமார். இதையும் பிராங்க் பேக் அவர்களே வடிவமைத்தார். 36 முதல் 82 மி.மீ. வரை, இரண்டேகால் மடங்குதான் மாறும். அதற்கே 14 வில்லைகள் தேவைப்பட்டன. 1963இல் நிக்கான் நிறுவனம் 43 முதல் 86 மி.மீ. வரை மாறும் எளிய ஜூம் லென்சைக் கொண்டு வந்தது. பலரும் வாங்கினர். ஆயினும் விளிம்புகளில் தெளிவு குறைந்தது. கட்டடங்களின் நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தன. ஜூம் என்றால் தரம் குறைந்தது என்னும் பேச்சு அக்காலத்தில் வேரூன்றியது.

அந்நாளில் நம் நாட்டுக் காட்டு விலங்குப் படக்கலைஞர்கள் என்ன செய்தார்கள்? தமிழகத்தின் மா. கிருஷ்ணன் அவர்களை (1912–1996) எடுத்துக் கொள்வோம். இயற்கை எழுத்தாளராகவும் புகழ்பெற்ற இவர் தென்னிந்தியக் காடுகளில் யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தவர். பல காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். அவர் எடுத்த படங்களில் குழலைத் திருகிப் பெற்ற நெருக்கம் இல்லை. விலங்கின் குணத்தை அறிந்து, எந்தத் தொலைவில் நிற்கலாம், எந்தத் தொலைவில் நிற்கக் கூடாது என்று உணர்ந்து பெற்ற நெருக்கம் அது. நல்ல ஜூம் லென்சை வைத்திருப்பவருக்கும் இந்த அறிவு தேவைதான்.

'எல்லாம் ஒன்றில்' என்னும் ஆசை

கணிப்பொறி வடிவமைப்பும், கோள வடிவிலிருந்து சற்று விலகிய பரப்புள்ள வில்லைகளை அச்சில் வார்க்கும் முறையும், நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் புதிய கண்ணாடிகளும் சேர்ந்து 1980களில் ஜூம் லென்சின் எல்லையை விரித்தன. 1992இல் ஜப்பானின் டாம்ரான் நிறுவனம் 28 முதல் 200 மி.மீ. வரை மாறும் லென்சைக் கையடக்கமாகச் செய்து காட்டியது. ஏழு மடங்கு! உலகெங்கும் சுற்றுலாப் பயணிகள் இதை விரும்பி வாங்கினர். ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது: இரண்டு மீட்டருக்கும் அருகிலுள்ள பொருளை அது தெளிவாகக் காட்டவில்லை. ஓசூர்ப் பசுமைக் குடிலில் ஒரு ரோஜாப் பூவை எடுக்க அது உதவியிராது.

பின்னர் எல்லை வேகமாக விரிந்தது. டிஜிட்டல் காமிராவின் தகடு பழைய படச்சுருளைவிடச் சிறிதாக இருந்தது இதற்கு உதவியது. 2005இல் 18–200 வந்தது, 2008இல் 18–270, 2014இல் 16–300, 2017இல் 18–400. இந்தக் கடைசி லென்ஸ் 22 மடங்கு மாறக் கூடியது. 1959ஆம் ஆண்டின் ஜூமாருடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் 14 வில்லைகள். இதில் 16 வில்லைகள். எடை ஏறத்தாழ 700 கிராம். இரண்டே வில்லைகள் கூடுதலாக, பத்து மடங்கு வீச்சு! அறுபது ஆண்டுக் கண்ணாடி அறிவும், கணக்கும், இயந்திரத் துல்லியமும் இதற்குள் அடங்கியுள்ளன.

டிஜிட்டல் முறையின் பங்கு

1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவில் இருந்தது, ஒரு சூப்பர்–8 சினிமாக் காமிராவின் லென்ஸ். பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை நாடாவில் பதிக்க அதற்கு 23 வினாடி ஆயிற்று. இன்றோ காமிராவுக்குள்ளிருக்கும் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் லென்சின் குறையையே திருத்திவிடுகிறது. நேர்க்கோட்டின் வளைவு, மூலைகளின் இருட்டு, விளிம்பில் தோன்றும் வண்ணக் கீற்று ஆகியவற்றை அது சரி செய்யும். எனவே இக்காலத்து வடிவமைப்பாளர் சில குறைகளை வேண்டுமென்றே கண்ணாடியில் விட்டுவைத்து, லென்சைச் சிறிதாகச் செய்கிறார். ஆனால் பதிவாகாத நுட்பத்தையும், உள்ளே வராத ஒளியையும் எந்தக் கணிப்பொறியாலும் உண்மையாகத் திருப்பித் தர முடியாது.

கைப்பேசியையும் கவனியுங்கள். அதன் முதுகில் இரண்டு அல்லது மூன்று லென்சுகள் உள்ளன. தேவைக்கேற்ப அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. 1912ஆம் ஆண்டின் சுழல்தட்டுதான் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது! ஐபோன்களின் உலோக உறைகள் இன்று ஓசூருக்கு அருகில் உள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகின்றன என்பது நம் வட்டாரத்துக்குப் பெருமை தரும் செய்தி.

எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம்?

இனி, கடைக்குச் செல்லும்முன் சிந்திக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, ஒளி. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது துளை எண். எண் சிறிதானால் ஒளி மிகுதி. பெரும்பாலான 'எல்லாம் ஒன்றில்' லென்சுகளில் இது அகன்ற நிலையில் 3.5, நீண்ட நிலையில் 6.3. ஏன் நீண்ட நிலையிலும் 2.8 என்று செய்யக் கூடாது? 400ஐ 2.8ஆல் வகுத்துப் பாருங்கள். 143 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி வேண்டும். ஒரு சிறு தட்டின் அளவு! எடையும் விலையும் எங்கோ போய்விடும். 6.3 என்றால் 64 மி.மீ. போதும். ஆனால் 2.8 துளைக்கு வரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கே இதற்கு வரும். காட்டு யானைகள் வயலுக்கு வருவது பெரும்பாலும் வெளிச்சம் குறைந்த பிறகே அல்லவா? 2.8 துளை எண்ணில் 500இல் ஒரு வினாடி போதுமென்றால், 6.3இல் 100இல் ஒரு வினாடி தேவை. அதற்குள் யானை காதை அசைத்துவிடும். 1995 முதல் மாற்று லென்சுகளில் வந்துள்ள அதிர்வு தணிக்கும் அமைப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும். யானையின் காதை நிறுத்தாது.

இரண்டாவது, வீச்சு. மூன்று மடங்கு, ஐந்து மடங்கு மாறும் லென்சில் வடிவமைப்பாளருக்கு வேலை எளிது, படம் கூர்மை. பத்து, இருபது மடங்கு என்று போகப் போக இரு கோடிகளிலும் தெளிவு குறையும். ஆகவே எண் பெரிதாக உள்ளதே சிறந்தது என்று கருத வேண்டாம். 18–300 உங்கள் தேவைக்குப் போதுமென்றால் 18–400க்குச் செல்லாதீர்கள்.

மூன்றாவது, தகட்டின் அளவு. லென்ஸ் கழற்ற முடியாத சில காமிராக்கள் 125 மடங்கு வரை நெருங்கிக் காட்டும். அவற்றின் தகடு மிகச் சிறியது. நடுத்தரக் காமிராத் தகட்டின் பரப்பில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு. நல்ல வெயிலில் நிலாவையும் பறவையையும் வியக்கும்படி காட்டும் அவை, மங்கிய ஒளியில் புள்ளி புள்ளியாகச் சிதறிய படத்தையே தரும்.

நான்காவது, சூழல். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கல் குவாரித் தூசியையும் சாலைப் புழுதியையும் அறிந்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். வெளியில் லென்சைக் கழற்றும்போதெல்லாம் தூசி தகட்டின்மேல் படிகிறது. தேர் நகரும் கூட்டத்தில் லென்ஸ் மாற்ற இடமும் இராது, நேரமும் இராது. கழற்றவே தேவையில்லாத ஒற்றை லென்சின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. எடுக்கப்படாத கூரிய படத்தைவிட, எடுக்கப்பட்ட சுமாரான படம் மேலானது.

ஐந்தாவது, சோதனை. கடையில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டச் சொல்லி, லென்சின் இரு கோடியிலும் நடுவிலும் படமெடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால், குழலுக்குள் ஏதோ வில்லை சற்றுச் சாய்ந்திருக்கக் கூடும், வேறொன்றைக் கேளுங்கள். லென்சைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தன் எடையால் குழல் தானே நீள்கிறதா என்று கவனியுங்கள்.

பகல் வெளிச்சத்தில் ஊர் சுற்றிக் குடும்பம், கோயில், மலை, பறவை எல்லாவற்றையும் எடுத்துக் கைப்பேசித் திரையிலோ சிறு அச்சிலோ பார்ப்பவருக்கு 'எல்லாம் ஒன்றில்' லென்ஸ் ஏற்றதே. அந்தியில் விலங்குகளையும், மண்டபத்துக்குள் நடனத்தையும் எடுத்துச் சுவரளவு அச்சிட விரும்புபவர், அதே பணத்தில் வீச்சுக் குறைந்த இரண்டு லென்சுகளை வாங்குவது நல்லது. இந்த லென்சின் வரலாற்றில் எந்த வசதியும் இலவசமாக வந்ததில்லை. வீச்சு கூடியபோது ஒளி குறைந்தது; உருவம் சிறுத்தபோது மூலை மங்கியது. எதை இழக்க உங்களால் இயலும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு விலை கேளுங்கள்.